மூன்றாவது வாசல்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஆப்பிரிக்காவின் தென்பகுதியைக் குடும்பத்தோடு காரில் சுற்றிவந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உள்ளே நுழையும்போதே இரண்டு பேர் "சிங்கம் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். பார்க்கவில்லை. யானையும் பார்க்கவில்லை. நெருப்புக்கோழி பார்த்தோம். ஆயிரக்கணக்கில் மாடு பார்த்தோம். நடுரோட்டில் நின்றுகொண்டு நகர மறுக்கிற கழுதைகளைப் பார்த்தோம். தமிழில் பயணக் கட்டுரை என்றால் போன ஊரில் தயிர் சாதம் கிடைக்காத துயரத்தைப் பத்துப் பக்கம் எழுதுகிற மரபு ஒன்று உண்டு. நமக்கு அந்தக் கவலை இல்லை. அந்த ஊர்ச் சாப்பாடு நமக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது.

ஏன் இதை இந்த மேடையில் பேச வேண்டும்? 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியபோது பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். அதற்கு முன்பே, 1946இல், அண்ணல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நமக்கு முந்தின தலைமுறைத் தோழர்கள் கறுப்பு இலக்கியத்தை மொழிபெயர்த்து, உருட்டச்சு போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பழைய இதழ்களை வாசித்து வளர்ந்தவன் நான். கறுப்பர் என்றால் நம் ஆள் என்று ஒரு கணக்கு மனசுக்குள் இருந்தது. அந்தக் கணக்கை அங்கே போய் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எழுத்தர் புத்தி, வேறென்ன.

போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் ஒரு வங்கியில் ஒப்பந்த அடிப்படையில் மூன்று வருடம் எழுத்தர் வேலை பார்த்தேன். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் பூலா. செட்ஸ்வானா மொழியில் பூலா என்றால் மழை. மழையைப் பணத்துக்குப் பெயராக வைத்த நாட்டில் கவுண்டரில் உட்கார்ந்து மழையை எண்ணிக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலையாகத்தான் இருந்தது. இன்னொன்றும் பிடித்தது. அங்கே ஆணை 'ர்ரா' என்றும் பெண்ணை 'ம்மா' என்றும் கூப்பிட வேண்டும். அப்பா, அம்மா என்று அர்த்தம். மேலாளருக்கும் ர்ரா, வாசலில் நிற்கிற காவல்காரருக்கும் ர்ரா. சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் மரியாதை தெரியாதவன். ஒரு மொழி எல்லாருக்கும் ஒரே மரியாதையை விகுதி மாதிரி ஒட்டிவைத்திருப்பதைப் பார்த்து முதல் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தேன். இந்த ர்ராவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டருக்கு வயசான ஆட்கள் வருவார்கள். பேசி முடிப்பதற்குள் நான்கு முறை இருமுவார்கள். ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் இருபது முப்பது வருடம் பாறை உடைத்தவர்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்துபோனவர்கள். ஆறு தங்க நிறுவனங்கள் மேல் போட்ட வழக்கில் 500 கோடி ராண்ட் சமரசத் தொகையை 2019இல் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பணத்துக்காகச் சிலர், அதைப் பற்றி விசாரிக்கச் சிலர், புருஷன் செத்துப்போய் அவர் பேரில் வாங்க வந்த பெண்கள் சிலர். அவர்களுடைய பெருவிரல் ரேகை சில நேரம் பதியாது. தேய்ந்து போயிருக்கும். பீடி சுற்றியும் தோல் பதனிட்டும் ரேகை தேய்ந்த கைகளை வட ஆற்காட்டில் பார்த்திருக்கிறேன்.

அங்கே நம்மவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரர், கணக்கர், ஆசிரியர், மருத்துவர் என்று. அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் 'நேட்டிவ் எது' என்பார்கள். பத்தாவது நிமிடத்தில் 'ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு' என்பார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொல்கிறதாம். நான் பார்த்தவரை அது முதல் ஆளாக விமானம் ஏறிவிடுகிறது. ஒரு வீட்டில் விருந்து. தொட்டிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில், தனியாக ஒரு பீங்கான் கோப்பையும் ஒரு தட்டும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டு வேலை செய்கிற ட்ஸ்வானா அம்மாவுக்கு உரியவை. என் இணையர் அதைப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "இரட்டைக் குவளை. பாஸ்போர்ட்லாம் எடுத்துட்டு வந்திருக்கு."

அதே நாட்டின் பெருவிருந்து எது தெரியுமா? செஸ்வா. மாட்டுக்கறியை எலும்போடு, உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, மரக்கட்டையால் நார் நாராக அடித்துத் துவைக்கிறார்கள். கல்யாணம், சாவு, சுதந்திர தினம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆண்கள்தான் சமைப்பார்கள். குடலைத் தனியாகச் சமைத்தால் அது செரோபே. நம் ஊரில் மறைத்து வாங்கி, தாளில் சுற்றி, சந்து வழியாகக் கொண்டுபோகிற ஒன்றை ஒரு தேசம் நடு முற்றத்தில் வைத்து அடிப்பதைப் பார்த்தால் மனசு எப்படி நிறையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2024 டிசம்பர் விடுமுறையில் கிளம்பினோம். நான், இணையர், நான்காவது படிக்கிற மகள். ஜப்பானில் ஓடி அலுத்து அங்கே வந்து சேர்ந்த பழைய டொயோட்டா கார். லொபாட்ஸே வழியாக எல்லை தாண்டினால் சீரஸ்ட் என்ற ஊருக்கு முன்னால் டினோகானா வருகிறது. பார்க்க ஒன்றும் இல்லை. தகரக் கூரை வீடுகள், சிவப்பு மண், முள்மரம். ஆனால் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

பாஸ் புத்தகம் என்றால் நமக்கு வங்கிப் புத்தகம். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். பதினாறு வயதான கறுப்பர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம். எந்த நகரத்தில் இருக்கலாம், யாரிடம் வேலை, முதலாளியின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். இல்லையென்றால் சிறை. முதலில் ஆண்களுக்கு. பிறகு ஐம்பதுகளில் பெண்களும் வாங்க வேண்டும் என்றார்கள். 1956 ஆகஸ்ட் 9 அன்று இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்கு முன்னால் போய் நின்றார்கள் என்பது வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் 1957இல் சீரஸ்டைச் சுற்றியிருந்த இந்தப் பட்டிக்காட்டுப் பெண்கள் புத்தகத்தை வாங்க மறுத்தார்கள், வாங்கியவர்களின் புத்தகத்தைப் பிடுங்கி எரித்தார்கள். 'உங்கள் பெண்களை வாங்கச் சொல்' என்று ஊர்த் தலைவர் ஏப்ரம் மொய்லோவாவை அரசு நெருக்கியது. அவர் ஒத்துழைக்கவில்லை. பதவியைப் பறித்தது. கூட்டங்கூட்டமாக மக்கள் எல்லை தாண்டி, நாங்கள் வந்த அதே பாதையில் எதிர்த் திசையில், இன்றைய போட்ஸ்வானாவுக்குள் ஓடினார்கள். இன்று அந்த வட்டார நகராட்சிக்கே அவர் பெயர்.

மூன்று வருடம் கழித்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அதே பாஸ் புத்தகத்துக்கு எதிராகக் கூடிய கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கில் 69 பேர். பலருக்கு முதுகில் குண்டு. 1996 டிசம்பர் 10 அன்று புதிய அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்துப்போட மண்டேலா தேர்ந்தெடுத்த ஊர் ஷார்ப்வில். வெண்மணியில் போய் உட்கார்ந்து சட்டப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற ஒரு பிரதமரை நினைத்துப் பார்க்கிறேன். சரி, நேரமில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் நிறவெறி அருங்காட்சியகம் இருக்கிறது. 2001இல் திறந்தது. டிக்கெட் வாங்கினால் அதில் 'வெள்ளையர்' அல்லது 'வெள்ளையர் அல்லாதார்' என்று அச்சடித்திருக்கும். நம் தோலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, கைக்கு வருவதுதான். வாசலும் இரண்டு. இணையருக்கு வெள்ளையர். எனக்கும் மகளுக்கும் அல்லாதார். அவர் ஒரு பக்கம் போனார், நாங்கள் கம்பிக் கூண்டுகளுக்குள் பெரிதாக்கி வைத்த அடையாள அட்டைகளுக்கு நடுவில் நடந்தோம். மகளுக்கு அம்மாவோடு போக முடியவில்லை என்று கோபம். டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று காவலரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, 'அப்போது மாற்றக் கேட்டவர்களும் உண்டு' என்றார்.

உண்மைதான். 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு ஆளையும் வெள்ளையர், கலப்பினத்தார், கறுப்பர் என்று பிரித்தார்கள். ஆசியர் பிறகு தனி வகை. சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை இரண்டு இனமாக்கியிருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், மனு போடலாம். மனு போட்டு ஒரு இனத்திலிருந்து இன்னொரு இனத்துக்கு மாறியவர்கள் வருடா வருடம் இருந்தார்கள். கொடுமைதான். ஆனாலும் பென்சில், வாரியம், மனு, மேல்முறையீடு என்று அதற்கு ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. 1986இல் பாஸ் சட்டம் போனது, 1991இல் பதிவுச் சட்டமும் போனது. சட்டமாக வந்ததால் சட்டமாக நீக்க முடிந்தது. நம்முடையதற்கு அலுவலகம் கிடையாது. அது டீக்கடையில் இருக்கிறது, தேர்வடத்தில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. எந்த அரசிதழில் ரத்து செய்வது?

இங்கே ஒரு தோழர் 'அப்படியானால் நிறவெறி நம்முடையதைவிட எளிது என்கிறாயா' என்று கேட்கலாம். இல்லை. அளவுகோல் போட்டு வலியை அளக்கிற வேலை எனக்கு வேண்டாம். எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. இரண்டு வாசல் என்று அந்த அருங்காட்சியகம் காட்டுகிறதே, அது உண்மையிலேயே இரண்டுதானா?

கேப்டவுன் போக விடுப்புப் போதவில்லை. ராபன் தீவைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சிறையின் ஒரு விவரம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். 1964இல் ஒரே வழக்கில், ஒரே ஆயுள் தண்டனையோடு மண்டேலாவும் அகமது கத்ராடாவும் உள்ளே போகிறார்கள். இந்திய வம்சாவளியான கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை, மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. ஆசியருக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கருக்கு இல்லை. வயசில் மூத்தவர் மண்டேலா. ஆனால் 'பையன்' என்பதால் அரைக்கால் சட்டை. விடுதலைப் போராட்டக்காரர்களைச் சிறைக்குள்ளும் படியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அம்பேத்கர் படிநிலைச் சமமின்மை என்று எதைச் சொன்னாரோ அதன் இயக்கம் இதுதான். எல்லாரையும் சமமாக நசுக்கினால் எல்லாரும் சேர்ந்து எழுந்துவிடுவார்கள். ஒருத்தனுக்கு ஒரு துண்டு ரொட்டி கூடுதலாகக் கொடு, அவன் மேலே பார்க்காமல் கீழே பார்ப்பான். கத்ராடாவும் தோழர்களும் அதை உணர்ந்து சம உணவுக்காகச் சிறைக்குள் போராடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது டர்பன். நம்முடைய சொந்தக் கதை கிடக்கிற இடம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. கரும்புத் தோட்டம். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் தங்கினால் வருடத்துக்கு மூன்று பவுண்டு தலைவரி. நாம் உழைப்புக்கு வாங்குகிற காசின் பெயர் கூலி. அந்தத் தமிழ்ச் சொல் அங்கே ஒரு வசவு. இன்றைக்கும் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் வழக்குப் போடலாம்.

அந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியல் ஆவணமாக இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கட்டம் போட்ட பேரேடு என்றால் பார்வை தானாக ஓடும். ஜில்லாக் கட்டத்தில் வட ஆற்காடு, வட ஆற்காடு என்று வந்துகொண்டே இருக்கிறது. சாதிக் கட்டத்தில் நம்முடைய பெயர் ஆங்கில எழுத்தில், இன்று அந்த மொழியில் 'விலக்கப்பட்டவன்' என்ற பொதுப்பெயராகிவிட்ட அதே எழுத்துக் கூட்டலில், பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தழும்புக் கட்டத்தில் நெற்றியில் வடு, முழங்காலில் வடு, முதுகில் வடு. முதுகில் வடு எப்படி வரும் என்று பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். தேசம் விட்டு ஓடியவர்கள் எதை விட்டு ஓடினார்கள் என்று நம் தேசிய வரலாற்று ஆசிரியர்கள் எழுதமாட்டார்கள். பஞ்சம் என்று எழுதுவார்கள். பஞ்சம் அக்ரகாரத்துக்கும் வந்ததே, அவர்கள் ஏன் கப்பல் ஏறவில்லை?

நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் எழுபத்தெட்டு வயது. நான்கு தலைமுறைக்கு முந்தின தமிழ். அவருக்கு 'வணக்கம்', 'ரசம்', 'தண்ணி' தவிரத் தமிழ் கிடையாது. பெயரின் கடைசியில், இங்கே நமக்கு நன்றாகத் தெரிந்த, நம் ஆட்களை அடித்து விரட்டுகிற ஒரு சாதிப்பட்டம் ஆங்கில வடிவில் நிற்கிறது. சாப்பாட்டு மேஜையில் என்னைக் கேட்டார், இந்தப் பெயருக்கு இந்தியாவில் என்ன அர்த்தம் என்று. நிலம் வைத்திருப்பவர்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கப்பல் பட்டியலைப் பார்த்துவிட்டேன் தம்பி. என் தாத்தாவின் அப்பா பெயருக்கு நேரே வேறு சாதி எழுதியிருக்கிறது" என்றார். என்ன சாதி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டதிலேயே தெரிந்துவிட்டது. யாரோ ஒரு பாட்டன் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது பட்டத்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்தப் பாட்டனைப் பிடித்திருந்தது. இங்கே அதைச் செய்திருந்தால் தலை இருந்திருக்காது. ஆனால் பாருங்கள், ஏணியில் ஏறத்தான் முடிந்தது, ஏணியைத் தூக்கிக் கடலில் எறிய முடியவில்லை.

சாப்பாடு முடிவதற்குள் அதே மனிதர் கறுப்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வேலை செய்யமாட்டார்கள், சுத்தம் கிடையாது, கொடுத்தால் கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள். என் இணையர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இந்த மூணு வாக்கியத்தையும் எங்க ஊர்ல எங்களைப் பத்திச் சொல்வாங்க, ஐயா. ஒரு வார்த்தை மாறாது" என்றார். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவரே மொழிபெயர்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் 1949 கதையைச் சொன்னார். அந்த வருடம் ஜனவரியில் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஒரு கறுப்பினச் சிறுவனை அடித்ததில் தொடங்கி மூன்று நாள் கலவரம். 142 பேர் செத்தார்கள். 87 ஆப்பிரிக்கர்கள், 50 இந்தியர்கள். ஆப்பிரிக்கர்களில் அதிகம் பேர் போலீஸ், ராணுவம் சுட்டுச் செத்தவர்கள். அப்போது இவருக்கு மூன்று வயது. பக்கத்துக் குடிசை ஜூலுப் பெண் ஒருத்தி இவரையும் அம்மாவையும் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து, வாசலில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தாளாம். 'அவங்க பேர் என்ன?' என்று என் மகள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

2021 ஜூலைக் கலவரத்தில் அதே நகரின் வடக்கே ஃபீனிக்ஸ் என்ற இந்தியர் குடியிருப்பில் தடுப்புப் போட்டு நின்றவர்களால் வழிமறிக்கப்பட்டும் மற்றபடியும் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்தக் குடியிருப்பின் பெயரைத் தேடிப்போனால் 1904இல் காந்தி தொடங்கிய பண்ணையில் போய் நிற்கும். அந்தப் பண்ணைக்கு நடந்து போகிற தூரத்தில்தான் ஜான் டூபேயின் ஓலாங்கே பள்ளி. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவர். 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்க்கையின் முதல் ஓட்டைப் போட்டது அந்தப் பள்ளியில். சுற்றுலாக்காரர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் 1893 ஜூன் 7 அன்று காந்தியை இறக்கிவிட்ட கதை நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நடைமேடையில் நானும் நின்றேன். இரண்டு வருடம் கழித்து நடந்தது பாடப் புத்தகத்தில் இல்லை. டர்பன் அஞ்சல் நிலையத்துக்கு அப்போது இரண்டு வாசல். ஒன்று ஐரோப்பியருக்கு, இன்னொன்று ஆசியருக்கும் ஆப்பிரிக்கருக்கும். காந்தி செயலாளராக இருந்த நேட்டால் இந்தியக் காங்கிரஸ் முறையிட்டது. 1895இல் அந்த அமைப்பின் அறிக்கை வெற்றியாகப் பதிவு செய்கிறது: இப்போது மூன்று வாசல். ஐரோப்பியருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று. வாசலை ஒழிக்கக் கேட்கவில்லை தோழர்களே. தனக்கு ஒரு வாசல் கேட்டு வாங்கினார்கள். கோயில் நுழைவு, தனித்தொகுதி, பூனா ஒப்பந்தம் என்று பிற்பாடு நாம் எதிர்கொண்ட ஆளைப் புரிந்துகொள்ள அந்த மூன்றாவது வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். டர்பனைச் சேர்ந்த அஷ்வின் தேசாயும் கூலம் வாகீதும் 2015இல் இதையெல்லாம் ஒரு பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் காந்தியர்களுக்கு அன்றைக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

திரும்பும்போது ப்ளூம்ஃபோன்டைன், கிம்பர்லி, மாஃபிகெங் வழி. மணிக்கணக்கில் மஞ்சள் புல், கம்பி வேலி, காற்றாடி வைத்த கிணறு. மனுஷ நடமாட்டமே இல்லை. மகள் தூங்கிவிட்டாள். இந்த நிலம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு ஒரு தேதி உண்டு. 1913இல் வந்த நிலச் சட்டம் கறுப்பர்களுக்கு நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்கை ஒதுக்கியது. மிச்சத்தில் அவர்கள் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. 1936இல் அதை நூற்றுக்குப் பதின்மூன்று வரை கூட்டினார்கள். வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்கள் மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டன. போய் நிற்க இடமில்லை.

அதை எழுதியவர் ஒரு குமாஸ்தா. சோல் ப்ளாய்க்கி. கிம்பர்லி தபால் நிலையத்தில் சேவகர், மாஃபிகெங் நீதிமன்றத்தில் எழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும், பிறகு பத்திரிகை ஆசிரியர், 1912இல் தொடங்கிய காங்கிரசின் முதல் பொதுச் செயலாளர். ஷேக்ஸ்பியரைச் செட்ஸ்வானாவில் மொழிபெயர்த்தவர். 1913 குளிர்காலத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு இந்த மஞ்சள் புல்வெளிக்குள் போய், வெளியேற்றப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து எழுதினார். 1916இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு குடும்பம். ரோட்டில் போகும்போது கைக்குழந்தை செத்துவிடுகிறது. புதைக்க நிலமில்லை. அவர்கள் நடக்கிற மண் எல்லாம் யாருடையதோ. ராத்திரியில், நிலத்துக்காரனுக்குத் தெரியாமல், திருட்டுத்தனமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போகிறார்கள்.

கிம்பர்லியில் அவர் குடியிருந்த வீடு இன்றும் இருக்கிறது. சின்ன வீடு. வைரம் தோண்டிய பெருங்குழியைப் பார்க்க நூறு வண்டி நிற்கிறது, இந்த வீட்டு வாசலில் எங்கள் வண்டி மட்டும். சம்பள வேலையும் பார்த்துக்கொண்டு இவ்வளவும் எழுத முடிந்தவனைப் பற்றி எனக்கு மரியாதையும் பொறாமையும் உண்டு. எங்கள் கிளையில் பேரேட்டுக்குள் கவிதைத் தாள் வைத்திருந்ததற்கே விளக்கம் கேட்டார்கள்.

இங்கோடு முடித்திருந்தால் இந்தப் பேச்சுக்கு ஒரு வடிவம் கிடைத்திருக்கும். வெள்ளையர் மேலே, இந்தியர் நடுவே, கறுப்பர் கீழே. ஆனால் லொபாட்ஸே வந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் மேற்கே கலஹாரிப் பக்கம் வண்டியைத் திருப்பினோம். ஜ்வானெங், காங், கான்சி. இடையில் கால்நடை நோய்த் தடுப்பு வேலிகள். வண்டி மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும், நாம் செருப்போடு ஈரச் சாக்கில் மிதிக்க வேண்டும், பச்சைக் கறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாட்டுக்குக் கோமாரி வராமல் இருக்க. நான்காவது முறை மிதிக்கும்போது இணையர் சொன்னார், "தீட்டுக் கழிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

கான்சி வட்டாரம் பாசர்வா மக்கள் நிறைந்த இடம். புஷ்மென் என்று வெள்ளையர் எழுதியவர்கள். அந்த நிலத்தின் ஆதிக்குடிகள். பெஸ்ஸி ஹெட் 1971இல் எழுதிய 'மரு' நாவலை நான் ஊரில் இருக்கும்போதே படித்திருந்தேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1964இல் போட்ஸ்வானாவுக்கு அகதியாக வந்து, செரோவே கிராமத்தில் 1986இல் செத்துப்போன எழுத்தாளர். நாவலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியை வருகிறாள். எந்த இனம் என்று கேட்கிறார்கள். மறைக்காமல் 'நான் மசர்வா' என்கிறாள். ஊரே கலங்கிப்போகிறது. கறுப்பர்கள் ஆளுகிற ஊர். இதை ஆப்பிரிக்க நாவல் என்று யாரும் எனக்குச் சொல்லாமல் கொடுத்திருந்தால் செங்கல்பட்டு ஜில்லாக் கதை என்றுதான் நினைத்திருப்பேன்.

மொழியிலேயே அது இருக்கிறது. செட்ஸ்வானாவில் மனிதர்களைப் பன்மையில் சொன்னால் 'பா' என்று முன்னால் சேரும். பாட்ஸ்வானா என்றால் ட்ஸ்வானா மக்கள். ஆனால் இவர்களை மட்டும் மசர்வா என்றார்கள். 'மா' என்பது பெரும்பாலும் மனிதரல்லாதவற்றுக்கும் அயலாரை இழித்துச் சொல்லவும் வருகிற முன்னொட்டு. பிற்பாடுதான் அரசு பாசர்வா என்று திருத்தியது. நமக்கு இதை விளக்க வேண்டுமா? உயர்திணையிலிருந்து அஃறிணைக்குத் தள்ளுவதற்கு ஓர் எழுத்துப் போதும். 'ர்' போட வேண்டிய இடத்தில் 'ன்' போட்டால் போதும் என்று நம் பெயர்களைச் சொல்லியே நமக்குத் தெரியும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ட்ஸ்வானா மாட்டுக்காரக் குடும்பங்களின் பரம்பரை ஆட்கள். அந்த முறைக்குப் பெயர் போலாட்டா. அப்பனுக்கு உழைத்தவன் மகனுக்குச் சொத்தாகப் போவான்.

கான்சியில் ஒரு கடை. கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் 'டுமெலா ர்ரா' என்றார், இணையரிடம் 'டுமெலா ம்மா' என்றார், பின்னால் நின்ற லாரி ஓட்டுநருக்கும் ர்ரா. நடுவில் ஒரு கிழவர். பழுப்பு நிறம், சிறிய உடம்பு, முகமெல்லாம் சுருக்கம். கையில் சர்க்கரைப் பொட்டலம். அவரைப் பார்த்து அந்தப் பெண், "வேனா!" என்றார். 'நீ' என்று அர்த்தம். அவ்வளவுதான். கத்தவில்லை, அடிக்கவில்லை, தள்ளவில்லை. சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். கிழவர் பொறுக்கிக்கொண்டு போனார். மூன்று வருடமாக நான் கொண்டாடின ர்ரா எங்கே தீர்ந்துபோகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

மத்திய கலஹாரிக் காப்பகம் என்று ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரு நிலம். 1961இல் அறிவித்தபோது இந்த மக்கள் வாழ்வதற்கும் சேர்த்துத்தான். 1997லும் 2002லும் அங்கிருந்து வெளியேற்றினார்கள். ஆழ்குழாய்க் கிணற்றை மூடினார்கள். பாசர்வா மக்கள் வழக்குப் போட்டு 2006 டிசம்பர் 13 அன்று ஜெயித்தார்கள். தண்ணீருக்கு 2011இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். ஆனால் அரசு என்ன செய்தது? வழக்கில் பெயர் இருந்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம், பிள்ளைகள் பெரியவர்களானால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. டினோகானாவிலிருந்து பாஸ் புத்தகத்தை எரித்துவிட்டு ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த அதே நாடு. தென்னாப்பிரிக்க ராணுவம் 1985இல் கபரோனிக்குள் புகுந்து சுட்டபோதும் கதவை மூடாத நாடு. அதனால்தான் அதிகம் வலிக்கிறது.

2021 கடைசியில் அந்தக் காப்பகத்தைச் சேர்ந்த ஒரு முதியவர் செத்துப்போனார். முன்னோர் கிடக்கிற மண்ணில் புதைக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டது. அரசு மறுத்தது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் தோற்றது. உடல் பிணவறையிலேயே கிடந்தது, மூன்று வருடம். சேரிப் பிணம் போகப் பாதை கேட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் பாடையை இறக்கிவைத்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். ஒரு நாள், இரண்டு நாள். மூன்று வருடம்! சுதந்திரம் வாங்கிய 1966இலிருந்து ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தோற்றது. புதிய அரசு அனுமதித்தது. அந்த டிசம்பரில்தான் அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நாங்கள் கான்சியில் இருந்தபோது எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கான்சிக்கு வடக்கே டிகார் என்று சின்ன ஊர். பாசர்வா ஓவியர்கள் 1990இலிருந்து ஒரு கூடத்தில் வரைகிறார்கள். அங்கே ஓர் அம்மா செடி, மான், வேர், கிழங்கு என்று வரைந்துகொண்டிருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் எங்களைப் பார்த்து இடைமொழி பேசிய பெண் வழியாகக் கேட்டார், நீங்கள் என்ன மக்கள் என்று. இந்தியர் என்றேன். தலையை ஆட்டினார். இந்தியர் தெரியும், கடை வைத்திருப்பார்கள், நீங்கள் அவர்களில் என்ன மக்கள்? கபரோனியில் நம்மவர்கள் கேட்ட அதே கேள்விதான். அங்கே கேட்டபோது பேச்சை மாற்றியிருக்கிறேன். இங்கே இணையர் முந்திக்கொண்டார். "ஊருக்கு வெளியில இருக்கிற மக்கள்" என்றார். அந்தப் பெண் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசுகிற அந்த மொழியில் நீளமாக எதையோ சொன்னார். அம்மா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டார்.

அதற்கு நாங்கள் சொன்ன பதில் அரை மணி நேரம் போனது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். பின் வரிசையில் ஒரு தோழர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்க தோழர்.